சேமிக்கப்படாத அளவு

ஒரு கருவி ஓர் எண்ணை அனுப்புகிறது என்றால், அந்த எண் எந்த வகையைச் சேர்ந்தது என்று யாராவது முதலில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கணினிக்கு ஒன்றும் புரியாது. கூட்டக் கூடாததைக் கூட்டும், காக்க வேண்டியதைத் தூக்கி எறியும். துன்ஹா நகரில், நுரையீரல் நோயாளிகளின் வீடுகளுக்கு ஆக்ஸிஜன் இயந்திரங்களைக் கொடுத்துவந்த ஒரு நிறுவனத்தில், இந்த வகை பிரிக்கும் வேலையைப் பார்த்தவள் யோலிமா சப்பாரோ. இயந்திரங்களோடு சிறிய பெட்டி ஒன்று இணைக்கப்பட்டிருக்கும். அது கைபேசிக் கோபுரத்தின் வழியாக எண்களை அனுப்பும். ஒவ்வோர் எண்ணும் கணநேர அளவா, திரள் அளவா, வெறும் நிலையா என்று மென்பொருளுக்கு எழுதித் தருவது அவள் பொறுப்பு.

கேட்பவர்களுக்கு இது வேலையாகவே தோன்றியதில்லை. அவளுடைய தந்தை எலியேசருக்கும் தோன்றவில்லை. சொகமோசோ ஊரில் அவருடைய வீட்டுச் சமையலறையில், ஒரு ஞாயிறு காலை, பாலில் முட்டை உடைத்து ஊற்றிய சூப்பைக் குடித்துக்கொண்டே அவர் கேட்டார்.

"எண்ணப் பாத்து அது என்ன ஜாதின்னு சொல்றதுக்கா சம்பளம் தராங்க?"

"ஜாதி இல்லப்பா, வகை. இந்த உப்பு ஜாடிய எடுத்துக்கங்க. இப்ப இதுல எவ்வளவு உப்பு இருக்கு? அது கணநேரம். ஏறும், எறங்கும். கல்யாணம் ஆனதுலேர்ந்து அம்மா சூப்புல எவ்வளவு உப்பு போட்டாங்க? அது திரள். அடுப்பு எரியுதா இல்லையா? அது நிலை."

எலியேசர் யோசித்தார். "அம்மா போட்ட உப்பு, அது எறங்கவே எறங்காதா?"

"எறங்காது. ஏறும். இல்லன்னா நின்னுடும்."

"நின்னுடுச்சு," என்றார் அவர். பிறகு கரண்டியை வைத்துவிட்டு, ரொட்டித் துண்டால் கிண்ணத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

யோலிமாவின் தாய் ரோசல்பா இறந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கணவனும் மனைவியும் ஊரின் வடக்கே செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள். ஒரே புகையைத் தின்றவர்கள். ரோசல்பாவுக்கு இயந்திரம் ஒதுக்குவதாகக் காப்பீட்டுக்காரர்கள் சொன்ன வாரத்திலேயே அவள் போய்விட்டாள். பிறகு அரசாங்கம் காற்றைச் சுத்தம் செய்யப்போவதாகச் சொல்லிச் சூளைகளை ஒவ்வொன்றாக மூடியது. ஊர்க்காற்று தெளிந்தது, எலியேசரின் மார்பு தெளியவில்லை. இரவில் உதடுகள் நீலம் பாரித்தன. மருத்துவர் அவருக்கும் ஆக்ஸிஜன் எழுதிக் கொடுத்தார்: இரவு முழுதும், பகலில் பெரும்பகுதியும், குழாய் மூக்கில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இதயம் வீங்கும்.

தாய்க்குக் கிடைக்காதது தந்தைக்குக் கிடைத்துவிட்டதில் யோலிமாவுக்கு ஒரு பிடிவாதமான நிம்மதி. எலியேசரோ துன்ஹாவுக்கு வர மறுத்தார். "அங்க குளிர் எலும்பக் கடிக்கும். இங்க தோலோட நின்னுடுது," என்பார். ஆகவே அவள் மாதம் இரண்டு முறை பேருந்தேறி வந்தாள். மற்ற நாட்களில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும், கம்பளிப் போர்வையைக் கழற்றுவதற்கு முன்பே, தந்தையின் இயந்திரத்தைத் திரையில் திறந்து பார்த்தாள். ஓடிய மணி நேரம் என்ற திரள் அளவு நேற்றைவிட ஏறியிருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் காப்பி.

*

மூச்சைப் பற்றிய பேச்சு எழுந்தது பெட்டிகளின் புதிய வகை வந்தபோது. குழாயில் ஏற்படும் சின்ன இழுப்பை உணர்ந்து, நோயாளி நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சிழுக்கிறார் என்று சொல்லும் திறன் அந்தப் பெட்டிகளுக்கு இருந்தது. அதை எந்த வகையில் சேர்ப்பது என்று முடிவு செய்யப் பிரிவின் தலைவி ஆஸ்த்ரித், யோலிமா, பெட்டிகளை வீடு வீடாகப் பொருத்திவரும் வில்மார் ஆகிய மூவரும் உட்கார்ந்தார்கள்.

"கணநேர அளவு," என்றாள் யோலிமா. அதில் ஐயத்துக்கு இடமில்லை. மூச்சின் வேகம் ஏறும், இறங்கும்; அதைக் கூட்டிப் பார்ப்பதில் பொருளில்லை.

நிறுவனத்தின் விதிப்படி கணநேர அளவு சேமிக்கப்படாது. கடைசியாக வந்த எண் மட்டும் திரையில் நிற்கும்; அடுத்த எண் வந்ததும் முந்தையது அழிந்துவிடும். திரள் அளவுகள் மட்டுமே மணிக்கொரு முறை பதிந்து காக்கப்படும், ஏனென்றால் காப்பீட்டு நிறுவனம் கேட்பது அவற்றைத்தான்.

"மூச்ச எதுக்குச் சேத்து வைக்கணும்?" என்றான் வில்மார். "போன மூச்சு போனதுதான். எங்க மாமியார் மட்டுந்தான் பழைய மூச்செல்லாம் கணக்கு வச்சிருக்காங்க."

ஆஸ்த்ரித் சிரிக்கவில்லை. அவளுக்கு வேறொரு கவலை இருந்தது. "சேமிச்சா காப்பீட்டுக்காரங்க கேப்பாங்க. மெஷின் ஓடுது, ஆனா மூச்சு இல்லன்னு தெரிஞ்சா, இவர் பயன்படுத்தலன்னு மெஷினத் திருப்பி எடுக்கச் சொல்வாங்க. பாதி கிழவங்க குழாயக் கழட்டி வச்சுட்டுத் தோட்டத்துக்குப் போறவங்க. வேணாம். கணநேரமாவே இருக்கட்டும்."

வில்மார் இன்னொன்று கேட்டான். "குழாய் மூக்குல இல்லன்னா பெட்டி பூஜ்யம் அனுப்புது. திரையிலயும் பூஜ்யம்னே காட்டவா?"

"கருவி சொன்னத நாம மாத்தக் கூடாது," என்றாள் யோலிமா. அது அவளுடைய தொழில் நேர்மை. "பூஜ்யம் வந்தா பூஜ்யம்."

அப்படியே எழுதிக் கொடுத்தாள். அவள் எழுதிய விதிகளில் பிழை கண்டவர்கள் இல்லை. இதிலும் யாரும் காணவில்லை. எலியேசரின் இயந்திரத்துக்கும் வில்மார் ஒரு புதிய பெட்டியைக் கொண்டுபோய்ப் பொருத்தினான். பழகிய வழக்கத்தில் யோலிமா மூச்சைப் பார்க்கவில்லை. மணி நேரத்தை மட்டுமே பார்த்தாள். அது சிறிதும் சோராமல் ஏறிக்கொண்டிருந்தது. அலுவலகக் கணக்கில் இருந்த நோயாளிகள் எல்லோரிலும் எலியேசர் சப்பாரோதான் மருத்துவர் சொல்லைத் தட்டாதவர் என்று வில்மார் கேலி செய்வான். அவளுக்கு அதில் பெருமை கூட இருந்தது.

*

ஒரு வியாழனன்று, சொகமோசோ மருத்துவமனையில் சில பெட்டிகளைச் சரிபார்க்க வேண்டியிருந்ததால் அவள் சொல்லாமல் ஊருக்கு வந்தாள். பிற்பகலில் வேலை முடிந்ததும் தந்தையின் வீட்டுக்குப் போனாள். தொட்டிச் செடிக்கு அடியில் இருக்கும் சாவியை எடுத்துத் திறந்தாள். முன்னறையில் இயந்திரம் சீராக உறுமிக்கொண்டிருந்தது. கட்டிலில் யாருமில்லை. குழாய் தலையணையின் நடுவில், வளைத்து ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

"அப்பா?"

கொல்லையிலும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டினாள்.

"இந்நேரத்துக்கு அவர் வீட்ல இருப்பாரா சுமர்சே? தெஹோ ஆடற எடத்துல பாருங்க."

சுமர்சே என்பது அந்தப் பக்கத்தில் யாரையும் மரியாதையோடு அழைக்கும் சொல். அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த யோலிமாவுக்கு அன்றைக்கு அதுவும் குத்தலாகத்தான் பட்டது.

தெஹோ ஆடுமிடம் இரண்டு தெரு தள்ளி, தகரக் கொட்டகைக்குள் இருந்தது. சாய்த்து நிறுத்திய பெட்டியில் ஈரக் களிமண். அதில் பதித்த சின்ன வெடிமருந்துப் பொட்டலங்கள். எதிர்முனையிலிருந்து ஆண்கள் கனத்த இரும்புத் தட்டை வீசுவார்கள். பொட்டலத்தின் மேல் விழுந்தால் படார் என்று வெடிக்கும், நீலப்புகை எழும், பீர் வரும். யோலிமா நுழைந்தபோது ஒரு வெடி முடிந்து புகை கலைந்துகொண்டிருந்தது. புகைக்குப் பின்னால், பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் எலியேசர் உட்கார்ந்திருந்தார். கம்பளிப் போர்வையும் தொப்பியுமாக, யாரையோ திட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

முதலில் அவளைக் கண்டவர் மிசாயெல். சூளையில் எலியேசரோடு நெருப்புப் பார்த்தவர், அகன்ற தோள்காரர்.

"எலியேசர், மூக்கணாங்கயிற அவுத்துட்டு வந்த மாட்டப் பிடிக்க ஆள் வந்துடுச்சு."

சுற்றிலும் சிரித்தார்கள். எலியேசர் திரும்பிப் பார்த்து, தொப்பியைக் கழற்றினார். மகளை அவர் எப்போதும் நீ என்றுதான் சொல்வார்; குற்றம் தன் பக்கம் இருக்கும்போது மட்டும் அவளும் சுமர்சே ஆகிவிடுவாள்.

"சுமர்சே எப்ப வந்தீங்க?"

"மெஷின் அங்க ஓடிட்டிருக்குப்பா."

"ஓடட்டுமே. அதுக்குக் கால் வலிக்கவா போகுது?"

"குழாய் தலையணை மேல கெடக்கு."

"தலையணைக்கும் கொஞ்சம் மூச்சு வேணாமா?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மிசாயெல் இரும்புத் தட்டிலிருந்த மண்ணைத் துடைப்பதில் மும்முரமானார்.

வீட்டுக்குத் திரும்பும்போது எலியேசர் ஒவ்வொரு மின்கம்பத்தடியிலும் நின்றார். நிற்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்றைப் பார்ப்பதற்காக நின்றதாகக் காட்டிக்கொண்டார்: ஒரு நாய், ஒரு பூட்டிய கடை, மலை மேல் மேகம். மூன்றாம் கம்பத்தில் அவள் கேட்டுவிட்டாள்.

"அணைச்சுட்டாவது போயிருக்கலாமே. ஏன் ஓட விட்டீங்க?"

"அணைச்சா எண் நின்னுடாதா?"

"நின்னுடும்."

"சுமர்சே காலைல அதத்தான பாக்கறீங்க. ஏறலன்னா வேல ஓடாது, பஸ் ஏறி வந்துடுவீங்க. அதான் அணைக்கல."

இத்தனை மாதமாக அவள் தினமும் காலையில் பார்த்து நிம்மதியடைந்த எண், தந்தை உள்ளேயிருந்து மூச்சுவிட்டதால் ஏறியது அல்ல. அவள் கவலைப்படக் கூடாது என்பதற்காக அவர் ஏற்றி வைத்தது. அவளுடைய மென்பொருள் அதைச் சரியாகத்தான் வகை பிரித்திருந்தது. அது இயந்திரம் ஓடிய நேரம். தந்தை இருந்த நேரம் என்று படித்தவள் அவள்.

"டாக்டர் என்ன சொன்னார்னு மறந்து போச்சா?"

"மறக்கல. உள்ளேயே கெடந்தா எனக்கு ஒரே ஒரு வேலதான், மூச்சு விடறது. மூச்சு விடறதுக்குன்னே ஒருத்தன் உக்காந்திருக்க முடியுமா, சொல்லு." அவர் சுமர்சேயை விட்டுவிட்டார். "அங்க போனா யாராவது திட்டறான். நான் திட்டறேன். பொழுது போகுது."

அவள் கோபப்பட்டாள், கெஞ்சினாள், அம்மாவைச் சொல்லிப் பார்த்தாள். இரவுச் சாப்பாட்டுக்குள் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். பிற்பகலில் மட்டும் போகலாம். இருட்டுவதற்குள் திரும்பி வந்து குழாயைப் போட்டுக்கொள்ள வேண்டும். மறுநாள் ஊரை விட்டுக் கிளம்புமுன் அவள் மீண்டும் தகரக் கொட்டகைக்குப் போய் மிசாயெலிடம் தன் எண்ணைக் கொடுத்தாள்.

"அப்பாவுக்கு ஏதாவதுன்னா கூப்பிடுங்க, தோன் மிசாயெல்," என்றாள், பெரியவர்களை அழைக்கும் மரியாதைச் சொல்லோடு.

"அவனுக்கு என்ன ஆகப்போகுது? நாங்க எல்லாம் செத்தப்பறம் எங்களத் திட்ட ஆள் வேணுமே." ஆனாலும் எண்ணைக் கைபேசியில் கவனமாக ஏற்றிக்கொண்டார்.

*

மூச்சை அவள் சேமிக்கத் தொடங்கியிருக்கலாம். ஒரு சொல்லை மாற்றினால் போதும். கணநேரம் என்றிருப்பதைக் காக்க வேண்டியது என்று எழுதியிருந்தால், தந்தை எப்போது குழாயோடு இருந்தார், எப்போது இல்லை என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். பதிவானால் காப்பீட்டுக்காரர்களின் கண்ணுக்கும் போகும். பிற்பகல் தோறும் மூச்சில்லாமல் ஓடும் இயந்திரத்தை அவர்கள் விட்டுவைக்க மாட்டார்கள். அவருடையதை மட்டுமல்ல, தோட்டத்துக்குப் போகும் மற்ற கிழவர்களுடையதையும். அவள் நெடுநேரம் யோசித்து, அதை அப்படியே விட்டாள்.

அதற்குப் பதிலாகத் தானே பார்க்கத் தொடங்கினாள். வேலைக்கு நடுவில் தந்தையின் பக்கத்தைத் திறப்பாள். காலையில் பதினேழு, பதினெட்டு என்று நிற்கும். சாப்பாட்டு வேளைக்குப் பிறகு திறந்தால் பூஜ்யம். முதல் சில நாட்கள் அந்தப் பூஜ்யத்தைக் கண்டதும் பக்கத்தை மூடிவிடுவாள். பிறகு பழகியது. பழகியதோடு நிற்கவில்லை, மெல்ல மெல்ல அது அவளுக்குப் பிடித்த எண்ணாயிற்று. பூஜ்யம் என்றால் அப்பா கவிழ்த்துப் போட்ட பீர்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறார், யாரையோ திட்டுகிறார், களிமண்ணில் ஒரு வெடி வெடித்திருக்கிறது. மாலை மங்கும்போது, விடுமுறை நாளானால் கைபேசியில், மறுபடி திறப்பாள். இருபத்திரண்டு. நடந்து வந்த இளைப்பு. சிறிது நேரத்தில் பத்தொன்பது. ஒப்பந்தத்தை அவர் காத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுவார்கள்.

"நேத்து சீக்கிரம் வந்துட்டீங்க போல."

"மிசாயெல் பெண்டாட்டி வந்து அவன இழுத்துட்டுப் போயிட்டா. அவன் இல்லாம அங்க யார நான் திட்டறது? ஆமா, உனக்கெப்படித் தெரியும்?"

"பூஜ்யம் சீக்கிரமே போயிடுச்சு."

"பாரு, வேவு பாக்கறத." ஆனால் அவர் குரலில் மகிழ்ச்சி இருந்தது. தான் கொட்டகையில் இருக்கும்போது துன்ஹாவில் ஒருத்திக்கு அது தெரியும் என்பதை அவர் விரும்பத் தொடங்கியிருந்தார். மிசாயெலிடம் பீற்றிக்கொண்டதாகவும் கேள்வி: "நான் உக்காந்த ஒடனே என் மகளுக்குப் பூஜ்யம் போய்ச் சேந்துடும்."

*

அது ஒரு விடுமுறைத் திங்கட்கிழமை. ஊரெல்லாம் வீட்டில் இருந்தது. நோயாளிகளின் இயந்திரங்களுக்கு விடுமுறை இல்லாததால் யோலிமாவும் வில்மாரும் மட்டும் அலுவலகத்தில் இருந்தார்கள். விடுமுறைத் திங்களில் தெஹோ பந்தயங்கள் காலையிலேயே தொடங்கிவிடும். முதல் நாள் தொலைபேசியில் எலியேசர் அதைப் பற்றித்தான் பேசியிருந்தார். பரிசாக ஆட்டுக்குட்டி வைத்திருக்கிறார்களாம். மிசாயெலுக்குக் கிடைக்காது என்று தான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருப்பதாகவும் சொன்னார்.

வந்ததும் அவள் திரையைத் திறந்தாள். ஓடிய மணி நேரம் ஏறியிருந்தது. மூச்சு: பூஜ்யம்.

அவள் சிரித்தாள்.

"எப்படி இருக்காரு பெரியவர்?" என்றான் வில்மார்.

"பூஜ்யம்."

"காலையிலேயேவா?"

"இன்னைக்குப் பந்தயம். ஆடு பரிசு. பொறுக்க முடியாம இப்பவே கெளம்பிட்டார்."

"குடுத்து வச்ச மனுஷன். நாம இங்க உக்காந்து எண்ண மேய்க்கறோம்."

ஒப்பந்தத்தில் காலை இல்லை என்பது அவளுக்கு நினைவிருந்தது. மாலையில் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும், அதிகம் கண்டிக்கக் கூடாது என்று எண்ணிக்கொண்டாள். நண்பகலில் பார்த்தாள், பூஜ்யம். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தாள், பூஜ்யம். ஆடு யாருக்குப் போனதோ என்று நினைத்தாள். வெளியில் மழை வந்து நின்றது.

பிற்பகல் நடுவில் கைபேசி அடித்தது. தெரியாத எண். பின்னால் வெடிச்சத்தமும் கூச்சலும்.

"மகளே, நான் மிசாயெல். ஆடு எனக்குத்தான். இங்க ஒருத்தன் மூஞ்சியப் பாக்கணும்னு காலைலேர்ந்து காத்திருக்கேன். உங்கப்பா ஏன் வரல? தோத்துடுவோம்னு தெரிஞ்சு ஒளிஞ்சுகிட்டானா, இல்ல ஒடம்பு சரியில்லையா?"

யோலிமா திரும்பிப் பார்த்தாள். திரையில் பூஜ்யம் அப்படியே இருந்தது. அதன் அருகே, மணி நேரத்தின் கடைசி இலக்கம் அவள் கண்ணெதிரே ஒன்று கூடியது.

"மகளே?"

"தோன் மிசாயெல், வீட்டுக்குப் போங்க. தொட்டிச் செடிக்கு அடியில சாவி இருக்கு."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. அழைப்பைத் துண்டிக்கவும் இல்லை. கைபேசியைக் கையில் பிடித்தபடியே அவர் நடப்பது அவளுக்குக் கேட்டது. கூச்சல் தேய்ந்தது, நாய் குரைத்தது, அவருடைய மூச்சு வாங்கியது. பூட்டு திறந்தது. பிறகு இயந்திரத்தின் உறுமல், சீராக, தொலைவிலிருந்து வருவதுபோல.

வெகுநேரம் உறுமல் மட்டுமே கேட்டது.

"குழாய் மூக்குலதான் இருக்கு, மகளே," என்றார் மிசாயெல். "ஒழுங்காத்தான் போட்டிருக்கான்."

*

வில்மார் நிறுவனத்தின் வண்டியில் அவளை அழைத்துப் போனான். வழியில் பைப்பா, துய்த்தாமா என்ற ஊர்களைத் தாண்டினார்கள். வீட்டில் ஆட்கள் கூடியிருந்தார்கள். மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை என்றார்கள். தெரிந்திருந்தாலும் தாங்கள் அணைப்பது சரியல்ல என்று நினைத்திருப்பார்கள். மிசாயெல் வென்ற ஆட்டுக்குட்டி கொல்லையில் கட்டப்பட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

யோலிமா தந்தையின் அருகில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்துபோய் இயந்திரத்தை அணைத்தாள். அறை அத்தனை அமைதியானதை அவள் அந்த வீட்டில் கண்டதில்லை.

இளம் மருத்துவர் ஒருவர் வந்து பார்த்தார். தூக்கத்திலேயே போயிருக்கிறார், அதிகாலையாக இருக்கலாம், யார் அருகில் இருந்திருந்தாலும் எதுவும் செய்திருக்க முடியாது என்றார். சான்றிதழில் எழுத நேரம் வேண்டும்.

"மெஷின்ல பதிவாகியிருக்குமே?" என்று கேட்டார், உதவுவதாக எண்ணி.

"மெஷின் ஓடின நேரந்தான் பதிவாகும்," என்றாள் யோலிமா. "மூச்சு பதிவாகாது."

"கடைசியா நீங்க எப்ப பாத்தீங்க?"

நேற்று மாலை பத்தொன்பது என்று பார்த்தாள். இன்று காலையிலும் பார்த்தாள், நண்பகலிலும் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். பத்தொன்பதுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் வந்த எண்கள் எல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொண்டே போயிருந்தன. அவள் எழுதிய விதி அப்படி. கடைசி மூச்சின் எண் எது என்பது உலகில் எங்கும் இல்லை.

"தெரியல," என்றாள். மருத்துவர் அதிகாலை என்று எழுதிக்கொண்டார்.

ஒன்பது மாலைகள் ஜெபம் நடந்தது. மிசாயெல் ஒன்பது மாலையும் வந்து கதவோரமாகவே நின்றார். கடைசி நாளில் ஆட்டைச் சமைத்துப் போட்டார்கள், அவர் தொடவில்லை.

"செத்தப்பறம் எங்களத் திட்ட அவன்தான் இருப்பான்னு சொன்னேன்," என்றார் யோலிமாவிடம். "அவன் முந்திக்கிட்டான். எதுலயும் முந்தினதில்ல, இதுல முந்திக்கிட்டான்."

"காலைல பூஜ்யம்னு பாத்தேன், தோன் மிசாயெல். உங்ககிட்ட வந்துட்டார்னு நெனச்சேன்."

மிசாயெல் தலையாட்டினார்.

*

வேலைக்குத் திரும்பிய அன்று அவள் ஆஸ்த்ரித்தின் அறைக்குப் போனாள்.

"மூச்சு அளவுல ஒரு மாற்றம் வேணும்."

ஆஸ்த்ரித் அவளை உட்காரச் சொன்னாள். "சேமிக்கணுமா? காப்பீட்டுக்காரங்க..."

"சேமிக்க வேணாம். கணநேரமாவே இருக்கட்டும். பூஜ்யம் வரும்போது மட்டும் திரையில பூஜ்யம்னு காட்ட வேணாம். குழாய் கழண்டாலும் பூஜ்யம்தான் வருது, மூச்சு நின்னாலும் பூஜ்யம்தான் வருது. எதுன்னு பெட்டிக்குத் தெரியாது. தெரியாதத எண்ணா எழுதக் கூடாது."

"பின்ன என்ன காட்டறது?"

"தெரியவில்லைன்னு."

எண்ணும் அல்ல, நிலையும் அல்ல, அவளுடைய மூன்று வகைகளில் எதிலும் சேராத ஒன்று. ஆஸ்த்ரித் வேறெதுவும் கேட்கவில்லை. மென்பொருளில் எத்தனை வரி மாற்ற வேண்டும் என்று மட்டும் கேட்டாள். ஒரு வரி என்றாள் யோலிமா. அன்றைக்கே எழுதி முடித்தாள்.

எலியேசரின் இயந்திரத்தை வில்மார் எடுத்துவந்து கழுவி, வடிகட்டிகளை மாற்றினான். ஓடிய மணி நேரத்தை அழிப்பது வழக்கமில்லை. அது இயந்திரத்தின் ஆயுள், ஆளின் ஆயுள் அல்ல. சில வாரங்களில் அது பைப்பாவில் ஒரு தச்சருடைய வீட்டுக்குப் போயிற்று. திரையில், தந்தையின் பக்கத்தில் உறைந்து நின்ற எண், ஒரு காலை, மறுபடி ஏறத் தொடங்கியது. யாரோ ஒருவருடைய மணி நேரம் அவருடைய மணி நேரத்தின் மேல் அடுக்கப்பட்டுக்கொண்டே போயிற்று. யோலிமாவால் அதைத் திறந்து பார்ப்பதை விட முடியவில்லை. காப்பி ஆறும்.

மூச்சு: இருபது. மறுநாள்: பதினெட்டு.

மூன்றாம் நாள் பிற்பகலில் எண் இருந்த இடத்தில் தெரியவில்லை என்று இருந்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்திருந்தாள். பிறகு நோயாளியின் தொலைபேசி எண்ணைத் தேடி அழைத்தாள். நெடுநேரம் அடித்து, ஒரு பெண் எடுத்தாள். மூச்சு வாங்கியது, எங்கிருந்தோ ஓடி வந்திருக்க வேண்டும்.

"யாரு?"

"ஆக்ஸிஜன் கம்பெனிலேர்ந்து. ஐயா எப்படி இருக்கார்?"

"முற்றத்துல வெயில் காயறாரு. குழாயப் போட்டுக்கன்னா கேக்கறாரா? ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல, சுமர்சே. கேட்டுப் பாத்தேன்."

"இதக் கேக்கவா கூப்பிட்டீங்க?" என்று அந்தப் பெண் வியந்தாள். பிறகு ரிசீவரை மூடாமலே யாரையோ பார்த்துக் கத்தினாள்: "ஏங்க, நீங்க இருக்கீங்களான்னு கேக்கறாங்க." தொலைவில் ஒரு கிழவர் ஏதோ திட்டினார். சொற்கள் கேட்கவில்லை, திட்டியது கேட்டது.

அழைப்பு முடிந்த பிறகும் யோலிமா கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.